சிவப்புப் பெட்டியில் பதினோரு ஓட்டு

லோசலினா வைபுலு எங்கள் குடியிருப்புக்கு வருவதற்கு முன்பு நான்கு வருடம் தன் கணவன் விலியாமியை ஒரு நாளைக்கு இரண்டு முறை தூக்கியிருக்கிறாள். வாசலில் இரண்டு படி, குளியலறைக்கு இடுப்பளவு அகலத்தில் ஒரு கதவு. அப்படிப்பட்ட வாடகை வீடு அது. சக்கர நாற்காலி நுழையாது. விலியாமியை முதுகில் சாய்த்துத் தூக்கி உள்ளே கொண்டுபோய், குளிப்பாட்டி, மறுபடி தூக்கிக்கொண்டு வந்து போட்டுவிட்டுத்தான் இறைச்சி ஆலைக்கு வேலைக்குப் போவாள். அங்கே குடல் அலசும் பிரிவில் இருபத்தாறு வருடம் நின்றவள். அவள் முன்னங்கைகளைப் பார்த்தால் படகுக் கயிறு ஞாபகம் வரும்.

விலியாமியும் அதே ஆலைதான். நாற்பத்தொன்பது வயதில் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போனது. அதற்கு முன்பு டோங்கா தீவுக்காரர்களின் தேவாலயத்தில் பாட்டுக்குழுவை நடத்தியவன்.

நகராட்சி ஐம்பது வருடத்துக்கு முன்பு முதியவர்களுக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும் என்று ஆற்றோரம் கட்டிய பதினான்கு செங்கல் வீடுகள் எங்களுடையவை. அழகு ஒன்றும் கிடையாது. ஆனால் கதவுகள் அகலம். வாசலில் படிக்குப் பதில் சாய்தளம். குளியலறைத் தரை மற்ற அறைகளோடு சமமாக இருக்கும். நான்காம் எண் வீட்டுக்கு அவர்கள் வந்த முதல் நாள், விலியாமி தன் நாற்காலியை இடது கையால் தானே உருட்டிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வெகுநேரம் சத்தமே இல்லை. லோசா, அவளை அப்படித்தான் கூப்பிடுவோம், பயந்துபோய்க் கதவைத் தட்டினாள். உள்ளே அவன் சும்மா உட்கார்ந்திருந்தான். அவ்வளவுதான். நான்கு வருடத்தில் முதல் முறையாக ஒரு மனிதன் குளியலறையில் தனியாக இருந்தான்.

நான் ஒன்பதாம் எண். பேருந்து ஓட்டினவன், சர்க்கரை நோயில் ஒரு பாதம் போனபின் அங்கே குடிவந்தேன். பெயர் ரே. இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், அந்தப் பதினோரு ஓட்டு உறைகளில் ஒன்று என்னுடையது.

அந்த வருடம் அக்டோபரில் நகராட்சிக்குத் தேர்தல். மன்றத்தில் பதினோரு இடம். எங்கள் வீடுகளை விற்றுவிட வேண்டும் என்பவர்கள் ஐந்து பேர், கூடாது என்பவர்கள் ஐந்து பேர் என்று ஊருக்கே தெரியும். மிச்சம் எங்கள் வார்டு. ஒரு பக்கம் வீடு விற்பனைத் தரகர் கிரஹாம் டல்லக். நல்ல மனிதர்தான், எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஆனால் விற்க வேண்டும் என்றார். மறுபக்கம் ரோய்மாட்டா என்ற பள்ளி நர்ஸ். விற்கவிட மாட்டேன் என்றாள்.

எங்கள் ஊரில் ஓட்டு தபாலில்தான். சீட்டு வீட்டுக்கு வரும். பெயருக்கு நேரே குறியிட்டு உறையில் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். சனிக்கிழமை நண்பகலுக்குள் போய்ச் சேர வேண்டும். பாதிப்பேர் அந்த உறையைக் குளிர்சாதனப் பெட்டி மேல் வைத்து மறந்துவிடுவார்கள். லோசா விடவில்லை. வேலை முடிந்து வந்து, கையில் வெங்காய வாசனையோடும் ப்ளீச் வாசனையோடும் வீடுவீடாக ஏறினாள்.

"ஜானிஸ், குறி போட்டீங்களா? என்ன, கண்ணாடி காணோமா? தலை மேல இருக்கு பாருங்க! போடுங்க, நான் பார்க்க மாட்டேன், திரும்பிக்கிறேன்."

பதினான்கு வீட்டில் பதினோரு உறை சேர்ந்தது. அதில் ஒன்று மருத்துவமனையில் படுத்திருந்த மோலியுடையது. அதற்காக அவள் இரண்டு பேருந்து மாறிப் போய்வந்தாள்.

முதல் எண் வீட்டில் இருந்த நெவிலுக்கு எழுபத்தொன்பது வயது. ஆலையில் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். தன் உறையைக் கொடுக்கும்போது சொன்னார்:

"அம்மாடி, தபால்ல போடறதா இருந்தா செவ்வாய்க்குள்ள போட்டுடணும். அதுக்கப்புறம்னா கடைவாசல்ல நகராட்சி வெச்சிருக்கிற ஆரஞ்சு ஓட்டுப் பெட்டியிலதான் போடணும். தாள்லயே போட்டிருக்கு."

"சரி சரி, நெவ். எனக்குத் தெரியாதா?"

தெரியவில்லை. ஒரு நாள் பிந்தினாலும் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்துவிட்டாள். திங்கட்கிழமையே பத்து உறை கையில் இருந்தது. மோலியுடையதும் வரட்டும், எல்லாம் ஒன்றாகப் போகட்டும் என்று வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை ஆலையில் ஆள் வரவில்லை என்று இரட்டை ஷிப்ட் பார்க்கச் சொன்னார்கள். புதன்கிழமை மாலை, மோலியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், பாலத்துக்குப் பக்கத்திலிருந்த சிவப்புத் தபால் பெட்டியில் பதினொன்றையும் போட்டாள். பிராக்கொலிக் கட்டிலிருந்து கழற்றிய நீல ரப்பர் வளையத்தைச் சுற்றி, ஒரே கட்டாக. வீட்டுக்கு வந்ததும் நெவில் ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"போட்டாச்சா?"

"நேத்தே போட்டாச்சு."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று பின்னால் அவளிடம் நான் கேட்டேன். களைப்பாக இருந்தது, இன்னொரு வாக்குவாதம் வேண்டாமே என்று வாயில் வந்துவிட்டது என்றாள். எனக்குப் புரிந்தது. நானும் அப்படி எத்தனையோ சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆலை உணவறையில் கூட வேலை செய்யும் ஒருத்தி, "நான் இன்னும் போடல, பெட்டியில போட்டா இனிமே போய்ச் சேராதாம், கடைக்குப் போய்த்தான் போடணும்" என்றாள். லோசா கையிலிருந்த ரொட்டியை அப்படியே வைத்தாள். மேற்பார்வையாளரிடம் கணவனுக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினாள்.

இப்போதெல்லாம் தெருப் பெட்டிகளைத் தினமும் திறப்பதில்லை. திங்கள், புதன், வெள்ளி, மாலை நான்கு மணிக்கு. புதன்கிழமை அவள் போட்டது நான்கு மணிக்கு மேல். ஆகவே உறைகள் இன்னும் உள்ளேதான் இருந்தன. இரண்டடி தள்ளி, இரும்புக்கு அந்தப் பக்கம்.

ஒரு மணியிலிருந்து அங்கே நின்றாள். முதலில் கையை விட்டாள். முழங்கை வரை போய் மாட்டிக்கொண்டது. தோல் உரியத்தான் வெளியே வந்தது. பிறகு ஆற்றோரம் கிடந்த வேலிக் கம்பியை நிமிர்த்தி, நுனியில் மென்ற சூயிங்கத்தை ஒட்டி உள்ளே விட்டுப் பார்த்தாள். மின்சாரக் கட்டணக் கடிதம் ஒன்றுதான் தொட்டுத் தொட்டு நழுவியது. நாயோடு போன ஒருவர் நின்று, "என்னம்மா, காதல் கடுதாசியா? மனசு மாறிடுச்சா?" என்றார். அவள் கம்பியை மறுபடி உள்ளே விட்டாள். தெற்கிலிருந்து அடித்த காற்றில் மழைத்தூறலும் சேர்ந்தது. ஆலையின் வெள்ளைக் கால்சட்டையும் ரப்பர் பூட்ஸுமாக அவள் பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி நின்றதை நான் கடையிலிருந்து திரும்பும்போது பார்த்தேன். என்ன என்று கேட்டேன். சொன்னாள். நானும் அவளோடு நின்றேன்.

நான்கு மணிக்குத் தபால் வண்டி வந்தது. ஷெரில் என்ற பெண். எனக்குப் பேருந்து நாட்களிலிருந்தே பழக்கம்.

"ஷெரில், தங்கச்சி, ஒரு கட்டு மட்டும் எடுத்துக் குடுத்துடும்மா. நீல ரப்பர் போட்டிருக்கும். நான் போட்டதுதான்" என்றாள் லோசா.

ஷெரில் பெட்டியைத் திறந்தாள். கட்டு மேலேயே கிடந்தது. நீல ரப்பர். மூன்று பேரும் பார்த்தோம்.

"உள்ள விழுந்துட்டா அது உங்களுது இல்லக்கா. யார் பேருக்குப் போகுதோ அவங்களுது. நான் எடுத்துக் குடுத்தா என் வேலை போயிடும்."

"அப்போ நீயே கொண்டுபோய் நகராட்சியில குடு. மூணு தெரு தாண்டி இருக்கு. இங்கேருந்தே கூரை தெரியுதே!"

"எனக்குத் தெரியாதா? ஆனா எல்லாத்தையும் பையில போட்டு சீல் வெச்சு டிப்போவுல எறக்கணும். அங்கேருந்து வடக்க போகும். பிரிச்சு, திரும்ப இங்க வர்றதுக்குச் செவ்வாயாகும்."

"மூணு தெருவுக்கு முன்னூறு கிலோமீட்டரா?"

"நான் வெச்ச சட்டமாக்கா?"

லோசா ஈரத் தரையில் முழங்காலிட்டாள். நான் அவள் தோளைப் பிடித்தேன்; அவள் உதறினாள். "என் புருஷனை மறுபடி தூக்கச் சொல்லாதேம்மா. என் முதுகு தாங்காது. உன் கால்ல விழறேன்." ஷெரிலுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "எழுந்திரிங்க, ஐயோ, எழுந்திரிங்க" என்று சொல்லிக்கொண்டே கட்டை மற்ற கடிதங்களோடு பையில் போட்டாள். வண்டியில் ஏறிக் கொஞ்ச நேரம் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு போய்விட்டாள்.

அன்று மாலை துணி துவைக்கும் அறையில் எல்லோரையும் கூப்பிட்டு லோசா சொன்னாள். துவைக்கும் இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதை யாருக்கும் நிறுத்தத் தோன்றவில்லை.

"செவ்வாய்க்கிழமை போட்டேன்னு சொன்னியேம்மா?" என்றார் நெவில்.

"பொய் சொன்னேன்."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஜானிஸ் மட்டும், "என் பூனைய எந்த வீட்டுக்காரன் வெச்சுக்க விடுவான்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்போது யோசனை சொன்னது நான்தான். அதை மறைக்கப் போவதில்லை. சீட்டு தொலைந்துபோனவர்களுக்கு நகராட்சி அலுவலகத்தில் சனிக்கிழமை நண்பகல் வரை புதுச் சீட்டுத் தருவார்கள். "தொலஞ்சு போச்சுன்னு சொல்லுவோம். தொலஞ்சதுதானே? செவ்வாய்க்கிழமை வந்தா அதை யாரும் எண்ணப் போறதில்ல" என்றேன். லோசா என் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

மறுநாள் காலை தேவாலயத்தின் வேனைக் கேட்டு வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தாள். மோலி மருத்துவமனையில். எங்கள் வரிசையில் இருந்த பெர்ட்டால் மூச்சுக் கருவியை விட்டு வர முடியாது. பதினோராம் எண்ணில் இருந்த ட்ரெவர் சகோதரி வீட்டுக்குப் போயிருந்தான், தொலைபேசியை எடுக்கவில்லை. ஆக லோசாவோடு சேர்த்து எட்டுப் பேர். மூன்று வாக்கர், ஒரு சக்கர நாற்காலி, என் பொய்க்கால். ஏற்றி இறக்கவே ஒரு மணி நேரம் பிடித்தது. லோசா விலியாமிக்குச் சட்டை மாட்டி, தலை வாரி, டை கட்டியிருந்தாள்.

பதினொன்றே கால் மணிக்கு மேசை முன்னால் நின்றோம். மேசையில் இருந்தவள் சின்னப் பெண், நல்ல மாதிரி. நெவிலுக்கு நாற்காலி போட்டு, அவருக்குத்தான் முதலில் படிவத்தைக் கொடுத்தாள். அவர் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். மேலிருந்து கீழ் வரை படித்தார். பிறகு இன்னொரு முறை.

"இதுல 'நான் இந்தத் தேர்தலில் இதுவரை வாக்களிக்கவில்லை'ன்னு போட்டிருக்கு" என்றார்.

"ஆமா சார். அதுக்குக் கீழ கையெழுத்து."

"ஆனா நான் போட்டாச்சே. உறையில வெச்சு ஒட்டி அனுப்பியாச்சு. தபால்ல இருக்கு."

"நெவ்..." என்றாள் லோசா பின்னாலிருந்து.

அந்தப் பெண் நிமிர்ந்து எங்கள் எல்லோரையும் பார்த்தாள். "உறைய அனுப்பிட்டவங்களுக்கு நான் வேற சீட்டு தர முடியாது. தப்பா எடுத்துக்காதீங்க. இன்னும் அனுப்பாதவங்க யாராவது இருக்கீங்களா?"

லோசா நெவில் பக்கம் குனிந்தாள். மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். "ஒரு கையெழுத்து. ஒண்ணே ஒண்ணு. கடவுள்கிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன்."

"அம்மாடி, நாப்பது வருஷம் மத்தவங்க கையெழுத்த நம்பி வேலைநிறுத்தம் நடத்தினவன் நான். இல்லாததுக்குக் கையெழுத்துப் போட்டதில்ல."

"உங்களுக்கென்ன! உங்களுக்கு மக வீடு இருக்கு. கோயில் சிலை மாதிரி நேர்மையா உட்கார்ந்திருக்கலாம். இவரை நான் எங்க கொண்டுபோவேன்? சொல்லுங்க. எங்க கொண்டுபோவேன்?" அவள் குரல் அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. விலியாமி இடது கையை நீட்டி அவள் முந்தானைபோல் தொங்கிய சால்வையைப் பிடித்து இழுத்தான். அவனால் அவ்வளவுதான் பேச முடியும்.

நான் பேனாவை எடுத்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "நீங்க அனுப்பலையா சார்?" என்றாள். என் வாயில் பொய் தயாராக இருந்தது. நெவில் என்னைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. பேனாவைத் திரும்ப வைத்தேன். எனக்குப் பின்னால் நின்ற ஜானிஸும் மற்றவர்களும் வாக்கர்களைத் திருப்பினார்கள்.

லோசா மட்டும் போய் நின்றாள். "நான் அனுப்பல" என்றாள். கையெழுத்துப் போட்டாள். அட்டை மறைப்புக்குப் பின்னால் போய்க் குறியிட்டு, பெட்டியில் போட்டாள். விலியாமிக்கும் படிவம் கேட்டாள். அதை அவன் மடியில் வைத்துப் பேனாவைக் கையில் கொடுத்தாள். அவன் விரலை மடக்கவில்லை. பேனா தரையில் உருண்டது. அவள் அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அவன் நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

சாயங்காலம் முடிவு வந்தது. டல்லக் எட்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

திரும்ப எண்ணினார்கள். எட்டுதான்.

அதற்குப் பின் பல மாதம் லோசா தபால்காரரைக் கண்டால் வெளுத்துப்போவாள். பொய்க் கையெழுத்துக்கு நகராட்சியிலிருந்து கடிதம் வரும், வழக்கு வரும், வேலை போகும் என்று பயந்தாள். கடிதம் எதுவும் வரவில்லை. நெவிலோடு அவள் பேசவில்லை. அவர் வாசலைக் கடக்கும்போது நாற்காலியை வேகமாகத் தள்ளுவாள். அவர் ஒவ்வொரு ஞாயிறும் விலியாமிக்குப் பிடித்த மீன் வறுவலைக் காகிதத்தில் சுற்றி அவர்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார். விலியாமி சாப்பிடுவான்; அவள் தொடமாட்டாள்.

மார்ச்சில் மன்றம் ஆறுக்கு ஐந்து என்று விற்பனைக்கு வாக்களித்தது. ஆகஸ்டில் எங்கள் ஊர்க் குளிர்காலம் முடிவதற்குள் நாங்கள் காலி செய்ய வேண்டும். பெர்ட் அதற்கு முன்பே இறந்துபோனார். ஜானிஸ் பூனையை யாருக்கோ கொடுத்துவிட்டாள். நான் மலைச்சரிவில் ஒருவர் வீட்டுப் பின்னறைக்குப் போனேன்.

நெவிலைக் கூட்டிப்போக மகள் வந்த அன்று, அவர் வீட்டுச் சாமான்களை ஏற்ற உதவிக்கு நானும் போயிருந்தேன். அவர் காரில் உட்கார்ந்திருந்தார். லோசா நான்காம் எண்ணிலிருந்து வெளியே வந்து நேராகக் காரிடம் போனாள். கண்ணாடியைத் தட்டினாள். அவர் இறக்கினார்.

"அன்னிக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கணுமோன்னு நினைச்சுக்கிட்டே இருக்கேன்மா" என்றார் அவர், அவள் பேசுவதற்கு முன்பே. "எட்டு மாசமா அதே நினைப்பு. என்ன பெரிய கையெழுத்து, என் கையெழுத்து."

"வேண்டாம் நெவ். அதைச் சொல்லத்தான் வந்தேன். உட்கார்ந்து கணக்குப் பண்ணிப் பார்த்தேன். வேன்ல என்னோட சேர்த்து எட்டுப் பேர். நான் போட்டுட்டேன். நீங்க ஏழு பேரும் போட்டிருந்தாலும் ஏழுதான். எட்டுல தோத்தோம். அப்பவும் ஒண்ணு குறையும்."

லோசா கார்க் கதவைப் பிடித்தபடி மேலே சொன்னாள்.

"மோலி, பெர்ட், ட்ரெவர், அவங்க உறையும் இருந்தாத்தான் ஜெயிச்சிருப்போம். அது மூணும் என் கையில இருந்துச்சு. செவ்வாய்க்கிழமை ராத்திரி பையில வெச்சுக்கிட்டுத் தூங்கிட்டேன். நீங்க ஒண்ணும் பண்ணல. நிம்மதியாப் போங்க."

மோலியுடையது அன்று அவள் கையில் இல்லை, புதன்கிழமைதான் வாங்கினாள். அது எனக்குத் தெரியும், நெவிலுக்கும் தெரியும். கடைவாசல் பெட்டிக்குப் போயிருந்தால் புதன்கிழமையும் நேரம் இருந்தது என்பதும் தெரியும். அவர் அதையெல்லாம் சொல்லவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, உரிந்து ஆறிய தழும்பு இருந்த அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மகள் காரைக் கிளப்பிய பிறகும் கொஞ்ச தூரம் அவள் கூடவே நடந்தாள்.

லோசாவுக்குக் கிடைத்த வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். வாசலில் மூன்று படி. சாய்தளம் போட்டுத் தருவதாகச் சொன்ன வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஐந்து வாரம் அவள் தூக்கினாள். ஆறாவது வாரம் குளியலறை வாசலில் அவள் முதுகு விட்டுப்போய் இரண்டு பேருமாக விழுந்தார்கள். அவளால் எழ முடியவில்லை. அவனால் கூப்பிட முடியவில்லை. தபால் போடவந்த பெண் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாளாம்.

விலியாமி இப்போது ஒன்றரை மணி நேரத் தொலைவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறான். அங்கே டோங்கா மொழி தெரிந்தவர் யாரும் இல்லை. ஆலை வேலையை விட்டுவிட்ட லோசா ஞாயிறு காலைப் பேருந்தில் போகிறாள். என்னால் முடிந்த ஞாயிறுகளில் நானும் போவேன். அவனுக்குச் சவரம் செய்துவிட்டு, பழைய பாட்டுக்குழுப் பாட்டு ஒன்றை அவள் தாழ்ந்த குரலில் பாடுவாள். அவன் இடது கை மடியில் தாளம் போடும். சில இடங்களில் அவள் வேண்டுமென்றே தாளம் தப்புவாள். அவன் கையை ஓங்கி அடித்து அவளைத் திருத்துவான். அப்போது மட்டும் அவள் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன்.